ஷட்டரைத் தாண்டாத ஜீப்

அத்தியாயம் 6

மூன்றாவது தடவை அளந்தபோதும் டேப் அதே கணக்கைத்தான் சொன்னது. ஷட்டரை முழுக்க மேலே ஏற்றிய பிறகு வாசலின் உயரம் எழுபத்து மூன்று இஞ்ச். உள்ளே நிற்கும் பச்சை ஜீப்பின் உயரம் எழுபத்து ஏழே கால்.

"நாலாவது தடவையும் அளக்கட்டுமா அண்ணி? நம்ம மேல இரக்கப்பட்டு ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் குறையும்."

அண்ணி பேனா மூடியைப் பல்லுக்கிடையில் வைத்து நெறித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து இது இரண்டாவது மூடி. அவருக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார், பாத்திரத்தைப் போட்டு உடைக்கமாட்டார். பேனா மூடிதான் பலியாகும். அந்த வீட்டில் மூடியுள்ள பேனா ஒன்றுகூடக் கிடையாது என்பதை அவருடைய கொழுந்தன் ரேடியோ நன்றாகவே அறிவான்.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். அவன் வாய் ஓய்ந்தால் உடம்பு சரியில்லையோ என்று எல்லாரும் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்கள். அண்ணி இன்சூரன்ஸ் கம்பெனியில் பதினெட்டு வருடம் விபத்து வண்டிகளைப் பரிசோதித்து, பிறகு வேலையை விட்டுவிட்டு வீட்டு முன்னறையில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, உதவியாளனாக யாரும் கேட்காமலேயே வந்து ஒட்டிக்கொண்டான். இன்று அதற்காகத் தன்னைத்தானே நொந்துகொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். புதன்கிழமை விடிந்தும் விடியாத நேரத்தில், ஊருக்கு வெளியே பெரிய சாலையில் வெள்ளைக் கோடு போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. ஒரு வண்டி வந்து தொழிலாளி ஒருவரை இடித்துத் தள்ளி, பக்கத்திலிருந்த பெயின்ட் டின்னை நசுக்கிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கூட இருந்தவர் அந்தக் குழுவின் லாரி டிரைவர் ஒருவர்தான். மற்றவர்கள் தூரத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். பச்சை ஜீப், பின்னால் ஏணி மாட்டியிருந்தது என்று டிரைவர் அடித்துச் சொன்னார். இன்ஸ்பெக்டர் நம்பவில்லை. லாரியைப் பின்னால் எடுக்கும்போது நீயே இடித்துவிட்டு ஜீப் கதை விடுகிறாயா என்று கேட்டு, டிரைவரை உள்ளே வைத்துவிட்டார்.

அடிபட்டவர் டிரைவருக்கு அன்னியர் இல்லை. மனைவியின் கூடப்பிறந்த தம்பி. முந்தின நாள்தான் மாமனுக்கும் மச்சானுக்கும் வாய்ச்சண்டை வந்திருந்தது. மச்சான் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. டிரைவரின் மனைவி தம்பியின் படுக்கையருகே உட்கார்ந்தவள், மூன்று நாளாகப் போலீஸ் ஸ்டேஷன் பக்கம் எட்டியும் பார்க்கவில்லை.

"எங்கம்மாவே எங்கப்பாவ நம்பல மேடம்" என்று டிரைவரின் மகள் நேற்று வந்து அழுதாள். அப்பாவின் செருப்பைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். செருப்பு முழுக்க வெள்ளைப் பெயின்ட் தெறித்திருந்தது. அண்ணியின் மேஜை விளக்கு பட்டதும் அது பொடிப்பொடியாக மின்னியது. கோட்டுப் பெயின்ட்டில் கண்ணாடித் தூள் சேர்ப்பார்கள், வண்டி விளக்கு பட்டால் கோடு தெரிய வேண்டுமே என்று அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டே விளக்கினாள். திங்கட்கிழமை கைது காட்டி டிரைவரைக் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். இன்று சனிக்கிழமை.

அந்த வட்டாரத்தில் ஏணி மாட்டிய பச்சை ஜீப் ஒன்றே ஒன்றுதான். அதன் சொந்தக்காரர் வீடுகளுக்குச் சமையலறை அலமாரி செய்து பொருத்தும் தொழில் செய்பவர். அவர் வீட்டு ஷெட்டில்தான் இப்போது இருவரும் டேப்பும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஜீப் கண்ணெதிரே நிற்கிறது. ஆனால் அது வாசலைத் தாண்டி வெளியே வர முடியாது. நாலே கால் இஞ்ச் தடுக்கிறது.

"இன்ஸ்பெக்டரும் வியாழக்கிழமை வந்து அளந்துட்டுதான் போனார் மேடம்" என்றார் அலமாரிக்காரர். ஐம்பது வயது, ஒல்லியான உடம்பு, காதில் பென்சில். "விழுந்து விழுந்து சிரிச்சார். எனக்குத்தான் மானம் போச்சு."

காட்டுப் பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களுக்கு உயரம் ஒரு பைத்தியம். பழைய ஸ்பிரிங்கையும் குலுக்கல் தாங்கும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, நீளமானவற்றை மாட்டினால் வண்டி நிமிர்ந்து நிற்கும், கல்லும் பள்ளமும் வயிற்றில் தட்டாது. அதற்கான சாமான் எல்லாம் 'லிஃப்ட் கிட்' என்று ஒரே பெட்டியில் வருகிறது. அலமாரிக்காரர் அஞ்சு இஞ்ச் கிட் வாங்கி, போன ஞாயிற்றுக்கிழமை தன் கையாலேயே மாட்டினாராம். திங்கட்கிழமை வெளியே எடுக்கப் பார்த்தால் தலை இடித்ததாம். அன்றிலிருந்து ஜீப் ஷெட்டுக்குள் சிறை.

"முன்னாடி முக்கால் இஞ்ச் இடைவெளியில போயிட்டு வந்துட்டிருந்துச்சு. ஆசையில வாசல் இருக்கறதையே மறந்துட்டேன்" என்று அவர் தலையைச் சொறிந்தார்.

ஞாயிற்றுக்கிழமையே சிறைபட்ட வண்டி புதன்கிழமை ஆளை இடிக்க முடியாது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டுப் போகும் காரணம் என்பதால் அதை யாராலும் தட்டவும் முடியவில்லை.

"டயர்ல காத்த இறக்கினா?" என்றான் ரேடியோ.

அண்ணி அவனை முதல் தடவையாக மரியாதையுடன் பார்த்தார். அலமாரிக்காரர் தாராளமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். நாலு டயரிலும் காற்றை இறக்கினார்கள். ஜீப் சோர்ந்துபோய் மெல்லத் தணிந்தது. ரேடியோ ஸ்டூல் மேல் ஏறி அளந்தான். மூன்று இஞ்ச் இறங்கியிருந்தது. இன்னும் ஒன்றே கால் இஞ்ச் மிச்சம்.

"ரெண்டு விரக்கடை. ரெண்டே விரக்கடை அண்ணி."

"உள்ள ஏறி உக்காரு. நானும் உக்காரறேன்."

இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். ரேடியோ பின் சீட்டில் நின்று குதித்துக்கூடப் பார்த்தான். புது ஸ்பிரிங் நூலளவுகூட அசைந்து கொடுக்கவில்லை. அவனுடைய தலைதான் கம்பியில் இடித்தது.

"எங்கம்மா ஊட்டி வளர்த்த உடம்பு. ஒரு ஸ்பிரிங்க அமுக்கத் துப்பில்ல" என்று தலையைத் தடவிக்கொண்டே இறங்கினான்.

அதற்கப்புறம்தான் நிஜமான தண்டனை ஆரம்பித்தது. இறக்கிய காற்றைத் திரும்ப அடித்துக் கொடுக்க வேண்டும். அலமாரிக்காரர் காலால் மிதிக்கும் பம்ப் ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கொஞ்சம் வேலையிருக்கிறது என்று வீட்டுக்குள் போனார். ரேடியோ மிதித்தான். ஒவ்வொரு டயரும் லாரி டயர் மாதிரி இருந்தது. முதல் டயருக்கே சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. வெளியே காற்று வீசும்போதெல்லாம் மேலே மொட்டை மாடியிலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் வேறு வந்து மண்டையைக் குடைந்தது. அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்தச் சத்தத்தின் மேல், பம்பின் மேல், டயர் யோசனையைச் சொன்ன தன் வாயின் மேல்.

அண்ணி ஜீப்புக்கு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். முகத்தில் கிரீஸ், கண்ணில் எரிச்சல்.

"ஒரு சொட்டு பெயின்ட் இல்ல. சோறு போட்டுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம். ஸ்பிரிங் புதுசு, ஷாக் அப்சார்பர் புதுசு, பிரேக் குழாய்கூடப் புதுசு."

"அப்ப டிரைவர் பொய் சொல்றாரா?"

"தெரியல" என்றார் அண்ணி. அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம். "அந்தப் பொண்ணுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

ரேடியோ மிதிப்பதை நிறுத்தினான். 

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தலை எழுந்தது. பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர். கழுத்தில் ஹெட்ஃபோன் தொங்கியது. வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிறவர்.

"பம்ப் சத்தம் இன்னும் எவ்வளவு நேரம் வரும்? எனக்கு மூணு மணிக்கு கிளாஸ் இருக்கு."

"இன்னும் ரெண்டரை டயர் மேடம்" என்றான் ரேடியோ பரிதாபமாக.

"போன ஞாயிறும் இப்படித்தான். காலையில பிடிச்சு பொழுது சாயற வரைக்கும் டமால் டமால்னு சுத்தியல். நடுநடுவே கெட்ட வார்த்தை. பிள்ளைங்க கேட்டுட்டுச் சிரிக்குதுங்க."

அண்ணி சுவரருகே போனார். "ஞாயித்துக்கிழமைதான், நல்லா ஞாபகம் இருக்கா?"

"அன்னிக்கு ஸ்பெஷல் கிளாஸ் வெச்சிருந்தேன். எப்படி மறப்பேன்?"

"அதுக்கப்புறம் சத்தம் கேட்டுச்சா? செவ்வாய், புதன்?"

"புதன்கிழமை நாள் முழுக்க ஷட்டர் மூடியே கிடந்துச்சு. ஊசி விழுந்த சத்தம்கூட இல்ல. என் கிளாஸ் நிம்மதியா நடந்துச்சு."

தலை மறைந்தது. அண்ணி திரும்பி வந்து ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார். கடைசி நூலும் அறுந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்ததற்குக் காதால் கேட்ட சாட்சி. அதுவும் இந்த வீட்டுக்காரரைப் பிடிக்காத சாட்சி. இதைவிடப் பலமான சாட்சியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

ரேடியோ வெறுப்போடு பம்பை மிதித்தான். "நாள் முழுக்க ஒரு போல்ட்டைப் போட்டு அடிச்சிருக்கார் மனுஷன். எனக்குத் தெரியும் அந்த வலி. என் ஸ்கூட்டர் சைலன்சர் போல்ட் துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு இல்ல? ஒரு நாள் பூரா சுத்தியால அடிச்சேன், கை வீங்கினதுதான் மிச்சம். அப்புறம் எண்ணெய் ஊத்திட்டு அந்தப் பக்கமே போகாம விட்டேன். மூணு நாள் கழிச்சு ஸ்பேனர வெச்சதும் சத்தமே இல்லாம வழுக்கிட்டு வந்துச்சு."

அண்ணி பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார்.

"திரும்பச் சொல்லு."

"என் ஸ்கூட்டர் சைலன்சர்..."

"கடைசி வரி."

"மூணு நாள் கழிச்சு சத்தமே இல்லாம வந்துச்சு."

"சத்தம் கேட்ட அன்னிக்கு வேலை நடக்கல தம்பி" என்றார் அண்ணி மெல்ல. "வேலை நடந்த அன்னிக்குச் சத்தம் கேக்கல."

ரேடியோவின் கால் பம்பின் மேலேயே நின்றுவிட்டது. ஞாயிற்றிலிருந்து புதனுக்கு விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். சரியாக மூன்று நாள்.

"அண்ணி, நீங்க ஜீனியஸ்."

"அவசரப்படாத. இது வெறும் யோசனை. கோர்ட்டுல உன் ஸ்கூட்டர் சைலன்சரையா கொண்டுபோய் நிறுத்த முடியும்? வா, தண்ணி குடிக்கலாம்."

தாகத்துக்காக மட்டும் அண்ணி தண்ணீர் கேட்டு ரேடியோ பார்த்ததில்லை. இருவரும் வீட்டுக்குள் போனார்கள். சமையலறையில் அலமாரிக்காரரின் மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். துணிக்கடையில் வேலை பார்ப்பவர், அன்று விடுமுறை. களைத்த முகமானாலும் வந்தவர்களுக்குச் சட்டென்று ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு தண்ணீர் மொண்டு கொடுத்தார்.

அண்ணி குடித்துக்கொண்டே சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். ஒவ்வொரு அலமாரிக் கதவும் அடுத்ததோடு ஒட்டினாற்போல் நின்றது. ஃப்ரிட்ஜ் தனக்கென்று வெட்டிய இடத்தில் செருகிவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அண்ணி பையிலிருந்து விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து ஃப்ரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவே விட்டுப் பார்த்தார். கார்டு சிரமப்பட்டுத்தான் நுழைந்தது.

"எல்லாம் அவர் செஞ்சதா?"

"ஆமா மேடம். ஃப்ரிட்ஜ் வாங்கறதுக்கு முன்னாடி கடைக்கே டேப் எடுத்துட்டுப் போனார். வீட்டு வாசல்ல நுழையுமான்னு பாக்கணுமாம். எனக்கு வெக்கமா போச்சு" என்று மனைவி சிரித்தார்.

அண்ணி ரேடியோவைத் திரும்பிப் பார்த்தார். ஃப்ரிட்ஜுக்காக வாசலை அளந்த மனிதர் ஜீப்புக்காக அளக்க மறந்தாரா? ரேடியோவுக்கும் பளிச்சென்று உறைத்தது. மறக்கவில்லை. தெரிந்தேதான் மாட்டியிருக்கிறார். வண்டியை ஒளிக்க முடியாவிட்டால் அது வெளியே போகவே முடியாதபடி செய்துவிடலாம், பிறகு ஊரே சிரிக்கட்டும்.

"ஞாயித்துக்கிழமை வேலை முடிஞ்சதும் உங்கள கூப்பிட்டுக் காட்டினாரா?" என்று அண்ணி கேட்டார்.

"எங்க? முகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டு வந்து சாப்பிடாமயே படுத்துட்டார். சாதாரணமா ஒரு ஹாரன் மாத்தினாக்கூட என்ன நிக்க வெச்சு நாலு தடவ அடிச்சுக் காட்டுவார்" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "இப்பவும் சரியில்ல மேடம். ரெண்டு நாளா ஷெட்டுல எதையோ தேடிட்டே இருக்கார். எல்லாத்தையும் கொட்டிக் கவுத்துட்டார். கேட்டா எரிஞ்சு விழறார்."

ஷெட்டுக்குத் திரும்பியபோது அலமாரிக்காரரும் பின்னாலேயே வந்தார். அண்ணி நேராக மூலைக்குப் போனார். கழற்றிய பழைய சாமான்கள் அங்கே ஒரு பலகையில் வரிசையாக அடுக்கியிருந்தன. ரேடியோவுக்கும் காரணம் புரிந்தது. வண்டியைக் கழுவலாம். ஆனால் புதன்கிழமை சாலையில் ஓடியது இந்தப் புது ஸ்பிரிங் இல்லையே, பலகையில் கிடக்கும் பழைய ஸ்பிரிங்தானே. சாட்சி வண்டியில் இல்லை, மூலையில் கிடக்கிறது.

அண்ணி ஒரு ஸ்பிரிங்கைத் தூக்கினார். பளபளவென்று இருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாமே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துச் சுத்தமாக இருந்தன. துருவைத் தவிர வேறொன்றும் இல்லை.

"தூக்கிப் போடற சாமானுக்கு இவ்வளவு குளியலா சார்?" என்றான் ரேடியோ. குரலில் ஏமாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"நான் எதையும் தூக்கிப் போடறதில்ல தம்பி. எப்பவாவது உதவும்." அவர் சொன்னது பொய்யில்லை. மேலே தட்டில் ஒரு பாட்டில் முழுக்க வளைந்த ஆணிகள் இருந்தன. பக்கத்தில் அறுந்த ஃபேன் பெல்ட், உடைந்த தாழ்ப்பாள். எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது.

அண்ணி சோர்ந்துபோய் நிமிர்ந்தார். ரேடியோ வேறு வழி தெரியாமல் பலகையில் இருந்ததை எண்ணினான். ஸ்பிரிங் நாலு. ஷாக் அப்சார்பர் ஒன்று, இரண்டு, மூன்று. மறுபடி எண்ணினான்.

"சார், ஜீப்புக்குச் சக்கரம் நாலுதானே? ஷாக் அப்சார்பர் மூணுதான் இருக்கு."

அலமாரிக்காரரின் கை காதிலிருந்த பென்சிலுக்குப் போய்த் திரும்பியது. "ஒண்ணு ஒழுகிட்டிருந்துச்சு. குப்பையில போட்டுட்டேன்."

"வளைஞ்ச ஆணிய பாட்டில்ல போட்டு வெக்கிற நீங்களா?" என்றார் அண்ணி.

"அது எண்ணெய் மேடம். தரையெல்லாம் ஆயிடும்."

பதில் கச்சிதமாகத்தான் இருந்தது, அவருடைய கதவுகளைப் போல.  குப்பைக்குப் போனதை இனி எங்கே தேடுவது? ரேடியோவுக்கு அந்த மூன்று ஷாக் அப்சார்பரையும் எடுத்துத் தெருவில் வீசலாம் போல இருந்தது. வெளியே காற்று வேகமாக வீசியது.

டங்.

"ஐயோ, அது என்ன சனியன் சத்தம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டான்.

அலமாரிக்காரர் தோளைக் குலுக்கினார். "தெரியல. மாடிப் பக்கம் நான் போறதில்ல, எனக்கு முட்டி வலி."

அண்ணி தலையை நிமிர்த்திச் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு, ரேடியோவை மிச்ச டயருக்குக் காற்றடிக்கச் சொல்லிவிட்டு, கை கழுவப் போகிறவர் போலச் சமையலறைப் பக்கம் நடந்தார். அவர் நடையிலிருந்த அவசரம் ரேடியோவுக்கு மட்டும்தான் தெரியும். அவன் அலமாரிக்காரரை ஸ்டூலில் உட்காரவைத்து, பம்பை மிதித்துக்கொண்டே அவரிடம் டயர், காற்று, மனித வாழ்க்கை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினான். பட்டப்பெயருக்கு அன்றைக்குத்தான் முழு மரியாதை செய்தான்.

கால்மணி கழித்து அண்ணி வந்தார். பின்னால் அலமாரிக்காரரின் மனைவி. அவர் கையில் முழங்கை நீளத்தில் கறுப்பாக ஒரு இரும்புக் குழாய் இருந்தது. நாலாவது ஷாக் அப்சார்பர்.

அலமாரிக்காரர் எழுந்திருக்கப் போனார். முட்டி இடம் கொடுக்கவில்லை.

"அவர்கிட்ட சொல்லாதீங்கன்னுதான் மேடம்கிட்ட சொன்னேன்" என்று மனைவி குற்றம் செய்தவர் போலப் பேசினார். "புதன்கிழமை கடையிலிருந்து வந்தப்ப ஒரே காத்து. மாடியில தண்ணித் தொட்டி மூடி பறந்து கீழ விழுந்துடுச்சு. கனமா ஏதாவது வேணும்னு ஷெட்டுல கிடந்த இத எடுத்துட்டுப் போய் மூடிக் கைப்பிடியில செருகி வெச்சேன். காத்தடிச்சா டங்குன்னு இடிக்கிறது அதுதான். அடுத்த நாள் இவர் ஒண்ணு குறையுதே, எடுத்தியான்னு கேட்டார். என் சாமானத் தொடாதன்னு எப்பவும் திட்டுவார். அதனால தெரியாதுன்னுட்டேன்."

அண்ணி அதை வாங்கி வெளிச்சத்தில் காட்டினார். பாதிக்குக் கீழே கெட்டியாக வெள்ளைப் பெயின்ட் தெறித்துக் காய்ந்திருந்தது.

"நான் பெயின்ட்லயே புரளற ஆளு" என்றார் அலமாரிக்காரர்.  "அலமாரிக்கு அடிக்கிற வெள்ளைதான் அது. எப்பவோ சிந்தினது."

"தம்பி, ஷட்டர இறக்கு."

ரேடியோ ஷட்டரை இழுத்து விட்டான். ஷெட் இருண்டது. அண்ணி மொபைல் டார்ச்சை அடித்தார். வெள்ளைத் தெறிப்பு முழுக்கப் பொடிப்பொடியாக, நூறு சின்னக் கண்கள் ஒரே சமயத்தில் திறந்தது போல மின்னியது.

"சமையலறை அலமாரிக்கு யாரும் கண்ணாடித் தூள் கலந்து பெயின்ட் அடிக்கிறதில்ல" என்றார் அண்ணி. "ஞாயித்துக்கிழமை வண்டியிலிருந்து கழட்டினதா சொல்ற சாமான் மேல, புதன்கிழமை ரோட்டுல சிந்தின பெயின்ட் எப்படி வந்துச்சு? ஞாயித்துக்கிழமை உங்களால ஒரு போல்ட்டக்கூடக் கழட்ட முடியல. எண்ணெய் ஊத்திட்டு விட்டுட்டீங்க. புதன்கிழமை இடிச்சுட்டு வந்து ஷட்டர மூடினீங்க. ஊறின போல்ட் சத்தமில்லாம வந்துடுச்சு. மத்ததையெல்லாம் நீங்க துடைக்கறதுக்கு முன்னாடியே இது மாடிக்குப் போயிடுச்சு. முதல்ல வாசல உயர்த்திக்கலாம்னு நெனச்சிருப்பீங்க, புதன்கிழமை வாசல் இடிக்கும்னு தெரிஞ்சுதான் மாட்டினீங்க."

 ரேடியோ ஷட்டரை மறுபடி ஏற்றினான். வெளிச்சம் வந்தபோது அலமாரிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை நடக்கற வீட்டுக்குப் பலகை கொண்டுபோயிட்டிருந்தேன்" என்றார். "டேப் கீழ உருண்டு பிரேக் பக்கம் போச்சு. எடுக்கக் குனிஞ்சேன். அவ்வளவுதான்."

"ரெண்டு நாளா இந்தக் குழாயத்தான் தேடிட்டிருந்தீங்களா?" என்று மனைவி கேட்டார்.

அவர் தலையசைத்தார்.

"அந்த ஆள் விழுந்தத நீங்க பாத்தீங்களா?"

"சைடு கண்ணாடியில பாத்தேன்."

மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அண்ணியிடம் திரும்பினார். "எங்க வந்து சொல்லணுமோ சொல்லுங்க மேடம். நான் வந்து சொல்றேன். புதன்கிழமைதான் எடுத்தேன்னு சொல்றேன்." சொல்லி முடித்ததும் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார்.

ரேடியோவுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. காலையிலிருந்து இருந்த எரிச்சலும் வடிந்துபோயிருந்தது. பம்பின் குழாயைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

அண்ணி முதலில் இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை என்பது அண்ணியின் முகத்திலிருந்தே தெரிந்தது. அடுத்து டிரைவரின் மகளுக்கு.

"ஆஸ்பத்திரியிலதான் இருக்கியா? அம்மா பக்கத்துல இருக்காங்களா? போன அவங்ககிட்ட குடு."

ஸ்பீக்கரைப் போட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவின் இரைச்சல் கேட்டது. அண்ணி எதையும் சுற்றி வளைக்காமல் நாலே வாக்கியத்தில் சொன்னார். உங்கள் தம்பியை இடித்தது உங்கள் வீட்டுக்காரர் இல்லை. பச்சை ஜீப் கிடைத்துவிட்டது. ஓட்டியவர் ஒப்புக்கொண்டுவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் ஆரம்பத்திலிருந்து உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பக்கத்திலிருந்து டிரைவரின் மனைவியின் கம்மிய குரல் கேட்டது.  



"மூணு நாளா அவர் என்ன சாப்பிட்டாருன்னு எனக்குத் தெரியாது மேடம். இப்ப சோறு கொண்டுபோனா, உள்ள விடுவாங்களா?"

"விடுவாங்க" என்றார் அண்ணி. "நான் ஸ்டேஷன் வாசல்ல நிக்கறேன். வாங்க."